தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் ‘நாயைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், தத்தெடுங்கள்’ என்ற கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாய் வளர்த்து விற்கிறவர்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட்டு, காப்பகத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல முடித்துவிட்டார். ராஜபாளையம் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எங்கே போகிறோம் என்பதைவிட, வீட்டுக்குக் கொண்டுவரும் முன் எதைக் கண்ணால் பார்த்தோம் என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

எங்கள் ஊர் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். பேர் பெருகியதும் வினையும் கூடவே வந்தது. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். கேட்கிற நிறத்தைக் கொடுப்பதற்காக அண்ணன் தங்கை என்றுகூடப் பார்க்காமல் இணை சேர்க்கிறவர்கள் உண்டு. முழு வெள்ளை நாய்களில் காது கேளாத குட்டி பிறக்கும் வாய்ப்பு அதிகம். தோலில் நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இல்லாமல் போவதுதான் காரணம். வாங்க வருகிறவர் பின்னால் நின்று கை தட்டுவார், குட்டி திரும்பும், ‘நல்லாக் கேட்குதே’ என்று பணத்தை எடுப்பார். பக்கத்துக் குட்டி திரும்பியதைப் பார்த்துத்தான் இது திரும்பியிருக்கும். குட்டியைத் தனியாகத் தூக்கிவந்து, அதன் கண்ணில் படாமல் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். இதில் செலவு ஏதும் இல்லை. ஆனால் நகம் பதினெட்டா இருபதா என்று எண்ணுகிறவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

அடுத்தது தாய் நாய். குட்டிகள் எல்லாமே அழகுதான், அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தாயைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். விலா எலும்பு துருத்திக்கொண்டு, முதுகில் திட்டுத் திட்டாக முடி கொட்டி, மடி தொங்கிப்போய்க் கிடக்கிறதா? அப்படியானால் ஈற்றுக்கு ஈற்று ஓய்வே கொடுக்கவில்லை. குட்டிகளோடு இருக்கும்போது அது உறுமுவது இயல்பு, அதை வைத்து எடை போடாதீர்கள். குட்டிகளிடமிருந்து கொஞ்ச தூரம் கூட்டிவரச் சொல்லிப் பாருங்கள். அங்கேயும் மூலைக்குள் ஒண்டி நடுங்கினால், அந்தப் பயம் குட்டிகளுக்கும் போயிருக்கும்.

நல்ல வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். தென்னந்தோப்புக்குள் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்க்கும் ஒருவரிடம் தடுப்பூசி போடப் போயிருந்தபோது, மதுரையிலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு விலை கேட்டார்கள். “வீடு எப்படி அண்ணாச்சி? தனி வீடா?” என்றார் அவர். நாலாவது மாடி என்றதும், “அப்ப வேண்டாம், இது ஓடுற சாதி. கட்டிப்போட்டா கடிக்கப் பழகிரும்” என்று குட்டியை வாங்கித் தாயிடம் விட்டுவிட்டார். வந்தவருக்குக் கோபம். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடியது. காப்பகத்திலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வாடகை வீடா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று. தரகர்தான் எதுவும் கேட்க மாட்டார். ஜீபே நம்பரை அனுப்புவார்.

உங்கள் கட்டுரையாளர் திட்ட வேண்டியது இந்தத் தரகர்களைத்தான். இவர்களிடம் தாய் நாயே இருக்காது. எங்கிருந்தோ வாங்கி, போனில் படம் அனுப்பி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ‘35 நாள் குட்டி, சீக்கிரம் ஒட்டிக்கும்’ என்பது இவர்கள் பாட்டு. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 18 மாதம் நிறையாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஒரு நாய்க்கு ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் ஆகாது, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்த முதல் எட்டு வாரம், கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கிற வயது. அப்போதே பிரித்துவிட்டு, பின்னால் ‘கையைக் கடிக்குது சார்’ என்றால் என்ன செய்வது?

குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல் நோயான பார்வோவின் கதை இன்னும் மோசம். ஞாயிறு வாங்கிய குட்டி புதன்கிழமை வாந்தி எடுக்கும், வியாழன் ரத்தமாகப் போகும். விற்றவருக்குப் போன் போட்டால், ‘நீங்க பால் கொடுத்தீங்களா? அதான் சேரலை’ என்பார். கிருமி உடம்புக்குள் போய் நோய் தெரிய மூன்று முதல் ஏழு நாள் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் பெரும்பாலும் அது வரும்போதே கொண்டுவந்த நோயாகத்தான் இருக்கும். அதைவிடக் கொடுமை, குட்டி செத்த துக்கத்தை மறக்க அடுத்த வாரமே இன்னொன்றை அதே வீட்டுக்குக் கொண்டுவருவது. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் போட்டுக் கழுவினாலும் வாசல் மண்ணை என்ன செய்ய முடியும்? அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முழுதாகப் போட்ட வளர்ந்த நாய்தான் சரி.

‘கேசிஐ பேப்பர் இருக்கு’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்னல் கிளப் தரும் அந்தச் சான்று, அப்பன் பாட்டன் யார் என்று சொல்லும். காது கேட்குமா, இடுப்பு எலும்பு சரியா என்று சொல்லாது.

காப்பகத்துக்கு வருகிறேன். சென்னையில் புளூ கிராஸ் 1959-இலிருந்து இருக்கிறது. மற்ற ஊர்களிலும் சின்னதும் பெரிதுமாக இருக்கின்றன. போகிறவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டு மாதக் குட்டி, அதுவும் கடுவன். தெருவில் எடுத்த குட்டியின் தாயை அங்கே யாரும் காட்ட முடியாது. எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் வரும் என்பது ஊகம்தான். ஆனால் மூன்று வயது நாய் ஒன்று கம்பிக்குப் பின்னால் நிற்கிறதே, அதில் ஊகிக்க ஒன்றுமே இல்லை. வளர வேண்டியது வளர்ந்துவிட்டது. குழந்தையைக் கண்டால் என்ன செய்கிறது, தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. பொட்டை வேண்டாம் என்பவர்களுக்குச் சொல்வது: கருத்தடை செய்த பொட்டை குட்டி போடாது, பருவத்துக்கு வந்து தெரு நாய்களை வாசலுக்கு இழுக்கவும் செய்யாது.

காப்பகக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. எப்படியாவது ஒரு வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், ‘ரொம்பச் சாது’ என்ற ஒரே சான்றிதழை எல்லா நாய்க்கும் கொடுக்கிறார்கள். ஆண்களைக் கண்டால் பயப்படும் நாய், பூனையைத் துரத்தும் நாய் என்றால் சொல்லிவிடுங்களேன். சொல்லாமல் அனுப்பிய நாய் அடுத்த மாதம் திரும்பி வந்தால் அதற்குத்தான் கேடு. எடுக்கிறவர்களும் ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தால், உடனே திருப்பிக் கொடுக்க வண்டி பிடிக்க வேண்டாம்.

கடைசியாக, ஐயா, உங்களிடமே ஒரு கோரிக்கை. அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தில் ‘40 நாள் லேப் குட்டிகள், டோர் டெலிவரி’ என்று ஒரு விளம்பரம் இருந்தது. இனி குட்டி விற்கும் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் வாரியத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாத விளம்பரத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
ராஜபாளையம்.