சாமிக்கு என்ன அவசரம்? சாகுலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாகுல்,

தைவானிலிருந்து நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பல்லக்கு ஓடுது, சனமும் பின்னாலயே ஓடுது, சாமிக்கு என்ன அவசரம்?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸப்பில்தான் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுபோனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நாகூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் நாலு பேர் கூடப் படித்துவிட்டுப் போகட்டும்.

பல்லக்கில் இருப்பவள் மாட்ஸு, சீனர்கள் கும்பிடும் கடல் தெய்வம். முதலில் 'மாசு' என்றுதான் எழுதினேன். கடலைக் காக்கிறவளுக்கு அந்தப் பெயரா என்று மாற்றிவிட்டேன்.

960-ல் சீனாவின் ஃபூஜியான் கரையோரம் மெய்ஜோ தீவில் பிறந்தவள் என்பார்கள். பிறந்து ஒரு மாதம் வரை அழவே இல்லையாம். அதனால் லின் மோ என்று பெயர். மோ என்றால் மௌனம். ஒருநாள் தறியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே கண்மூடிச் சாய்ந்துவிட்டாள். கடலில் அப்போது புயல். அப்பாவும் அண்ணன்களும் படகில் இருக்கிறார்கள். இவள் உயிர் அங்கே போய் ஒவ்வொருவராகப் பிடித்து இழுக்கிறது. மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அம்மா உலுக்கி எழுப்ப, பிடி நழுவி ஒருவர் போய்விட்டார். அது அப்பா என்று சில ஊரில் சொல்கிறார்கள், அண்ணன் என்று சில ஊரில்.

இதைக் கேட்டதும் எனக்கு உன் வாப்பா சொன்ன கண்ணாடிக் கதைதான் ஞாபகம் வந்தது. சவரம் செய்துகொண்டிருந்த எஜமான், அதுதான் நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவர், கண்ணாடியைத் தூக்கி எறிய, அது நடுக்கடலில் கப்பல் ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டதே, அந்தக் கதை.

லின் மோ இருபத்தெட்டு வயதுக்குள் இறந்துபோனாள். அப்புறம்தான் அவளுக்கு வாழ்வு வந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வந்த அரச வம்சங்கள் பட்டம் மேல் பட்டம் கொடுத்தன. கடைசியில் 'வானத்து அரசி' வரை போனாள். இலங்கையின் காலி நகரத்தில் கிடைத்த, தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த கல்லைத் தெரியுமல்லவா? அதை 1409-ல் எழுதுவித்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ, 1431-ல் சீனக் கரையில் இவளுக்கும் கல் நட்டு நன்றி சொன்னவர்.

உன் கேள்விக்குப் பதில் இந்தப் பட்டத்தில்தான் இருக்கிறது. கடலில் ஆபத்து வந்தால் "வானத்து அரசியே" என்று கூப்பிடக் கூடாதாம். அப்படிக் கூப்பிட்டால் அவள் கிரீடம் வைத்து, பட்டாடை உடுத்தி, பரிவாரத்தோடுதான் வர முடியும். அதற்குள் படகு கவிழ்ந்துவிடும். "மாட்ஸு" என்று வீட்டுப் பெயரைச் சொன்னால் தலையைக்கூட வாராமல் ஓடிவருவாளாம். நம் பக்கத்தில் ஆத்தா என்கிற மாதிரியான பெயர் அது.

நான் நடந்தது மியாவ்லி மாவட்டத்தின் பைஷாதுன் கோயில் ஊர்வலத்தில். அதிகம் பேர் பெற்றது தாஜியா என்ற ஊரின் மாட்ஸு கோயில் ஊர்வலம்தான்: ஒன்பது நாள், எட்டு இரவு, 300 கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் பட்டாசு. எனக்கு அது அரசி ஊர்வலமாகத்தான் பட்டது. பைஷாதுன்காரி வேறு மாதிரி. கிளம்பும் நாளை, நாம் பூக்கட்டிப் பார்ப்பதுபோல, பிறை வடிவ மரத்துண்டு இரண்டைப் போட்டுக் கேட்டு முடிவு செய்கிறார்கள். பெய்காங் கோயிலுக்குப் போய்த் திரும்ப 400 கிலோமீட்டர் வரும். எந்த வழி என்று யாருக்கும் தெரியாது. நாலு பேர் தூக்கும் சின்னப் பல்லக்கு. மேலே ரோஸ் நிறத் துணி. சாலைச் சந்திப்பு வந்தால் நின்று முன்னும் பின்னும் ஆடும், பிறகு சட்டென்று ஒரு பக்கம் பாயும். வயல் வரப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, யாரோ ஒருவர் வீட்டு வாசல் என்று எங்கே வேண்டுமானாலும் நுழையும். 2001-ல் பாலத்தை விட்டுவிட்டு ஜுவோஷுய் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. பல்லக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஜிபிஎஸ் செயலி வைத்திருக்கிறார்கள். சாமி வழி சொல்லாது, இருக்கும் இடத்தை மட்டும் காட்டும்!

பல்லக்கு இழுக்கிறதா, தூக்குகிறவர்கள் இழுக்கிறார்களா? நீ கேட்பாய் என்று தெரிந்து நானே கேட்டேன். "தோள் கொடுத்துப் பார்" என்று ஒருவர் சிரித்தார். கொடுக்கவில்லை. இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம்.

வழி நெடுக நம் ஊர் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான். இனிப்புப் போட்ட பச்சைப்பயறுக் கஞ்சி, பழம், தண்ணீர் பாட்டில். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். பல்லக்கு கடந்துபோகும்போது அடியில் புகுந்து வெளியே வந்தால் கெட்டது விலகும் என்று ரோட்டில் வரிசையாகக் குப்புறப் படுக்கிறார்கள். என் முன்னால் ஓர் அம்மாள் யாருடைய சட்டையையோ மடித்து நெஞ்சோடு வைத்துப் படுத்திருந்தார். வர முடியாத யாருக்காகவோ இருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று. சிங்கப்பூரில் உன் மச்சான் இருக்கிறாரே, அவரைத் தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்வரச் சொல். கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருவே கடற்கரை. 1830 வாக்கில் நம் சூலியா மக்கள், அதாவது நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், அங்கே நாகூர் தர்கா கட்டினார்கள். சில வருஷத்தில், 1842-ல், அதே தெருவில் ஃபூஜியான்காரர்கள் மாட்ஸுவுக்குக் கோயிலைக் கட்டி முடித்தார்கள். இரண்டு கூட்டமும் உயிரோடு கரை சேர்ந்ததும் நேராக நன்றி சொல்லப் போன இடங்கள். நடந்தால் சில நிமிஷம்தான்.

கொப்புளம் இன்னும் ஆறவில்லை. நாகூர் தர்கா கந்தூரிக்கு லீவு சொல்லிவிட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு பின்னாலேயே நடந்து வருகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவை. அந்தக் கூடாவது மெதுவாகப் போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்