வாசல் நிலவு கோணல் என்றால் கதவும் கோணலாகத்தான் இருக்க வேண்டும்

சென்னிமலைப் பக்கம்,
கார்த்திகை 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், அடுப்படிப் புகையில் போய் நிற்க வேண்டாம். இங்கே மழை பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மஞ்சள் இடுப்பு உயரம் நிற்கிறது. விலை என்ன ஆகும் என்பது ஈரோட்டு மண்டிக்காரர்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வீட்டுக்காரிக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் காங்கயத்து வீட்டின் முன்கதவை, அது நிற்கிற மரச்சட்டமான நிலவோடு பெயர்த்துக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக ஒரு வியாபாரி வந்தான், தம்பியும் பாதிச் சம்மதம் சொல்லிவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கடைக்கதவு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்கிறாய். போடாதே. இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டவன் சொல்கிறேன். உனக்கு இதுவரை எழுதவில்லை, வெட்கம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னவள் நிச்சயத்துக்கு எங்கள் வீட்டை வெள்ளையடித்தபோது, முன்கதவின் வலது பக்கக் கதவு கீழே உளுத்துப்போயிருந்தது. வேறென்ன, தொண்ணூறு வருஷமாகத் தினம் வெள்ளென வாசல் தெளித்த தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசிய தண்ணீர். ஒறம்பரை வரும் நேரத்தில் இது என்ன அசிங்கம் என்று இரண்டு கதவையும் கழற்றிக் கட்டுத்தரையில் சாத்திவிட்டு, டவுனில் ஒரு கடையில் தேக்கு என்று சொல்லி விற்ற கதவை வாங்கி வந்து மாட்டினேன். பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

அந்த ஐப்பசியிலேயே கதவு பருத்து இறுகிக்கொண்டது. தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். பங்குனி வெயிலில் சுருங்கி, சந்து வழியாகப் பல்லி உள்ளே வந்தது. இழைத்துவிடலாம் என்று ஓரத்தைச் சீவினால், மேலே தேக்கு காகிதம் கனத்துக்குத்தான், உள்ளே பேர் தெரியாத வெள்ளை மரம். கடையில் கேட்டதற்கு, மழைத்தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வாசல் கதவை மழை படாமல் எங்கே வைப்பது?

ஆனால் கடையை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கடைக்கதவு நாலு மூலையும் சரியான மட்டத்தில் வரும். எங்கள் வீட்டு நிலவு அப்படியா இருக்கிறது? கிணற்றுப் பக்கச் சுவர் கொஞ்சம் உட்கார்ந்ததில் இடது கால் அரை இஞ்சுக்கு மேலேயே சாய்ந்திருக்கிறது. சதுரக் கதவைச் சாய்ந்த நிலவில் மாட்டச் சிமெண்டு அப்பினார்கள், ரீப்பர் அடித்தார்கள். கீல் முடுக்கிய திருகாணி பழைய மரத்தில் பிடிக்கவில்லை. பழைய கதவுக்குக் கீலே கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? மேலேயும் கீழேயும் முளைபோல் நீட்டிய குடுமி. கீழ்க் குடுமி நிலைப்படிக் கல்லில் குடைந்த குழியில் நிற்கும். கதவின் பாரம் முழுக்கக் கல்மேல் இறங்குவதால் எத்தனை வருஷமானாலும் தொங்காது. கீல் கதவின் பாரமோ நிலவின் பக்கவாட்டில் தொங்குகிறது. எங்கள் நிலவு மூன்றாம் வருஷம் விரிசல் விட ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்புறம்தான் ஒரு ஆசாரியைப் பிடித்தேன். எழுபதை நெருங்குகிறவர், கூட மகன். வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. முதலில் கேட்டது, "பழைய கதவு எங்கீங்க?"

கட்டுத்தரைக்குப் போனோம். சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் கிடந்தது. இடது கதவை மண்ணோடு சாத்தி வைத்திருந்தேன். கரையான் அதை அட்டைபோல் ஆக்கியிருந்தது. வெளியே சாயம் அப்படியே இருக்கிறது, விரல் வைத்தால் உள்ளே போகிறது. அப்பாரு காலத்திலிருந்து நின்ற கதவை மூன்று வருஷத்தில் கொன்றவன் நான். ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வலது கதவு பிழைத்தது. அதில் கெட்டது வெளிச்சட்டத்தின் அடி ஒன்பது இஞ்சும் குடுமியும் மட்டும்தான். அந்தப் பாகத்தைச் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, கருவேல மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் குடுமியோடு சேர்த்து ஒரு துண்டு செதுக்கி, ஒட்டுப்போட்டு மூங்கில் ஆணி இறக்கினார். நிறம் மட்டும் கொஞ்சம் கறுப்பு. சாயம் பூசி மறைக்கட்டுமா என்று மகன் கேட்டதற்கு, "இருக்கட்டும் விடு, அடுத்தவன் வந்து பிரிக்கும்போது தெரியணுமல்ல" என்றார்.

இடது கதவைப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. மரத்துக்காக ஈரோட்டில் பழைய மரக்கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம். எங்கேயோ இடித்த பஞ்சுக் குடோனின் உத்தரம் ஒன்று கிடைத்தது. வெளியே கரி பூசினாற்போல் இருந்தது. அறுக்கும்போது உள்ளே ஒரு ஆணி மாட்டி வாள் பல் போயிற்று. ஆனால் அறுத்த மறுநிமிஷம் பட்டறை முழுக்கப் பழைய தோல் செருப்பு வாசம். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தேக்கு மணக்கிறது.

புதுத்தேக்கு ஏன் கூடாது என்று கேட்டேன். அவர் உத்தரத்தின் வெட்டுமுகத்தையும் மூலையில் கிடந்த ஒரு தோட்டத்துத் தேக்குத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் ஒரு இஞ்சுக்குள் பதினாலு வளையம் எண்ணினேன், புதியதில் நாலு. வேகமாக வளர்ந்த மரம் சொத்தை என்று ஊரில் பேசுவதை நானும் நம்பியிருந்தேன். அதுவல்ல என்றார் அவர். வேகம் தப்பில்லை, இளசாக வெட்டுவதுதான் தப்பு. அந்தத் துண்டில் கிட்டத்தட்டப் பாதி வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய இளமரம். நடுவிலுள்ள வைரத்தைக் கரையான் அவ்வளவாகச் சீண்டாது, வெள்ளையை விடாது. வெள்ளையை முழுக்கத் தள்ளிவிட்டால் புது மரத்திலும் கதவு செய்யலாம், ஆனால் வாங்கினதில் பாதி அடுப்புக்குப் போகும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நாம் ஆனைமலைக் காட்டில் டாப்ஸ்லிப் போன நாள் நினைவு வந்தது. வெட்டின கட்டைகளை மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டதால் வந்த பேர் அது என்று அந்த வாட்சர் சொன்னபோது நீ நம்பவில்லை. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல்துறைக்கும் ரயில்வே ஸ்லீப்பருக்கும் போய்ப் போய்க் காடு மொட்டையான பிறகு, மறுபடி தேக்கை நட்டு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்கிற வெள்ளைக்காரர். 1933இல் இறந்தவரை அங்கேயே, அவர் நட்ட மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். அந்தச் சமாதிமேல் உட்கார்ந்து நீ பட்டாணி தின்றாய், வாட்சரிடம் திட்டு வாங்கினாய். இப்போது நினைத்தால் அந்த மனுஷனுக்கு நாம் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

சரி, கதவு. நாலு பக்கமும் சட்டம், குறுக்கே இரண்டு சட்டம், நடுவில் மூன்று பலகை. சட்டங்களைத் துளையும் கழுந்துமாகச் சேர்த்து ஆப்பு அடித்தார். பலகைகளைச் சட்டத்தின் உள்ளோரத்தில் எடுத்த காடிப் பள்ளத்துக்குள் செருகினார். சேர்த்து முடித்த பிறகு நான் ஒரு பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கடகடவென்று ஆடியது. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கூலி கொடுத்து ஆடுகிற கதவா?

"காடிக்குள்ள பசை போடலீங்களா?"

"போடக் கூடாதுங்க. பலகை ஆடணும். ஆடலைன்னா வெடிக்கும்."

மரம் நீளவாக்கில் கூடுவதும் குறைவதும் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் மழைக்குப் பருத்து வெயிலுக்குச் சுருங்கும். காடிக்குள் பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, இடம் விட்டிருந்தார். பலகை பருத்தால் அந்த இடத்துக்குள் போய்க்கொள்ளும், சுருங்கினால் பின்வாங்கும். சட்டம் அசையாது, அதனால் கதவு நிலவில் இறுகாது. ஐப்பசி முழுக்கப் பெய்த மழையில் பார்த்துவிட்டேன், ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. பலகையும் இப்போது ஆடுவதில்லை, ஈரத்தில் பருத்து நின்றுவிட்டது. மாசியில் மறுபடி ஆடும் என்கிறார்.

இன்னொன்றை நேரில் காட்டினால்தான் உனக்குப் புரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நிலவின் அகலம் மேலே 3 அடி 10 இஞ்சு 2 நூல், கீழே 3 அடி 10 இஞ்சு 7 நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்பது உனக்குத் தெரியும், ஆக ஐந்து நூல் வித்தியாசம். நிலவை நிமிர்த்தச் சொன்னேன். மாட்டேன் என்றார். நிமிர்த்தினால் மேலே சுவர் விரியும், ஓடு இறங்கும். நிலவு கோணலாகவே இருக்கட்டும், கதவையும் அதே கோணலில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, இடது கதவின் வெளிச்சட்டத்தை மட்டும் மேலே ஒடுக்கிக் கீழே அகலமாக இழைத்தார். குறுக்குச் சட்டங்களை ரசமட்டம் வைத்து நேராகப் போட்டார். ஆசாரத்துக் கூடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் நேராகத் தெரிகிறது. அளந்து பார்த்தால்தான் கோணல். கடையில் எந்தக் கதவு இப்படிக் கிடைக்கும்?

நடுப்பட்டையில் ஒன்பது பித்தளைக் குமிழ். இரண்டைக் காணோம். அனுப்பர்பாளையத்தில் மாதிரி காட்டிச் செய்து வாங்கினோம். புதுசு இரண்டும் பல் கட்டினாற்போல் மின்னுகின்றன, போகப் போக மங்கும். வார்னிஷ் அடிக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய்தான் இரண்டு தடவை, நடுவில் ஒரு வாரம் காயவிட்டு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே, தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். நிலவுக்குப் பின்னால் சுவர் தொடுகிற பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினார், கரையானுக்கு. கையில் பட்டால் தோல் பொசுங்கும்.

செலவைக் கேட்பாய். அப்பாவும் மகனும் இருபத்தொரு நாள் வேலை. மரத்தோடு சேர்த்தால் கடைக்கதவைப்போல நாலு மடங்கு. வீட்டுக்காரி இன்னும் கணக்குச் சொல்லிக் காட்டுகிறாள். எல்லாக் கதவையும் இப்படிச் செய் என்று நான் சொல்லமாட்டேன். கொல்லைப்புறப் பொடக்காலிக்குத் தகரக் கதவு போட்டிருக்கிறேன், பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக். ஒரு குறையும் இல்லை. பழசு என்பதற்காகவே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ முடியாது. எங்கள் கதவு உயரம் ஐந்தரை அடிதான், உன் நெற்றித் தழும்பு அதற்குச் சாட்சி. ஆசாரி அதையும் உயர்த்த மறுத்துவிட்டார். அடுத்த நோம்பிக்கு வரும்போது குனிந்து வா.

இப்போது நீ செய்ய வேண்டியது. வியாபாரிக்குத் தை வரைக்கும் பதில் சொல்லாதே. நிலவைப் பெயர்த்தால் மேல்சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அந்தச் செலவை அவன் சொல்லியிருக்கமாட்டான். தம்பியை விட்டு நிலவின் அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளக்கச் சொல். உயரத்தை இரண்டு பக்கமும் எடுக்கட்டும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக வராது, வந்தால் தப்பாக அளந்திருக்கிறான். இரண்டு காலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கட்டும். கதவின் அடிச்சட்டத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து எத்தனை இஞ்சுவரை மெத்தென்று இருக்கிறது என்று எழுதச் சொல். நான் நினைக்கிறேன், உனக்கு ஒட்டுப்போட்டாலே போதும்.

ஆசாரிக்குப் பொங்கல் வரை பெருந்துறையில் வேலை இருக்கிறது. அப்புறம் காங்கயம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, கதவிலிருந்து கழற்றிய எதையும் எறியக் கூடாது. சங்கிலிக் கொண்டியும் நாதாங்கியும் தம்பி வீட்டு அட்டாலியில் ஏதோ டப்பாவில் கிடப்பதாக நீதான் முன்னே சொன்னாய். பழைய இரும்புக்காரன் வருவதற்குள் அதை எடுத்து வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்