கோட்டைச் சுவரைச் செதுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய லினோகட், அதாவது லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்த படம், கிடைத்தது. 1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டைக்குள் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைச் செதுக்க உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். கோடுகளும் சுத்தமாக விழுந்திருக்கின்றன. ஆனால் அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வரும் பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பிக்குப் பாதிப் படத்தைக் கொடுத்துவிட்டாயே! அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அவர்கள் உன் படத்தில் ஒரு மூலையில் புள்ளிகளாகக் கிடக்கிறார்கள்.

வேலூருக்கு இரண்டு வருஷம் கழித்து, 1808இல், ஸ்பெயினில் நெப்போலியன் படையை எதிர்த்துப் போர் மூண்டது. அந்தப் போரின் கொடுமைகளை 1810இலிருந்து செப்புத் தகடுகளில் கீறியவர் ஸ்பானிய ஓவியர் கோயா. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தக் காயத்தில் மை நிற்கும். அவருடைய 26ஆம் படத்தைப் பார். தலைப்பே 'பார்க்க முடியாது' என்பதுதான். மண்டியிட்டுக் கெஞ்சுகிறவர்கள், முகத்தைப் பொத்திக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே குவியலாக இருக்கிறார்கள். சுடுகிற சிப்பாய் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. வலது ஓரத்திலிருந்து துப்பாக்கி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டு வருகின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த ஓரத்தில்தான் மூச்சு அடைக்கிறது. கொல்கிறவனுக்கு அவர் முகம் தரவில்லை, தம்பி. படம் முழுவதையும் சாகப்போகிறவர்களுக்கே கொடுத்துவிட்டார். 1828இல் அவர் இறந்தார். அந்தத் தொகுப்பு 1863இல்தான் வெளியே வந்தது.

அப்புறம் ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ். 1914இல் மகன் பீட்டரைப் போரில் இழந்தவர். பிறகு போரைப் பற்றி, மரத்தில் செதுக்கி அச்செடுத்த ஏழு படங்கள் செய்தார். அவற்றில் போர்க்களமே கிடையாது. ஒரு படத்தில் தாய்மார்கள் குழந்தைகளை நடுவில் வைத்து ஒருவரையொருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டைப் பிள்ளைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கார்கில் சமயத்தில் தபால்காரர் சைக்கிள் தெருவில் நின்றாலே பேச்சு நின்றுபோகும் என்று உன் அம்மா சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குதிரையை எடுத்துவிடு. சுவரும் மனிதர்களும் போதும். நூறு பேரும் வேண்டாம், ஐந்தாறு பேரின் கைகளை மட்டும் நன்றாகச் செதுக்கு. அச்சில் படம் இடம் வலமாகத் திரும்பி விழும்; துப்பாக்கி முனை வலது பக்கம் வரவேண்டுமானால் லினோவில் இடது பக்கம் வெட்ட வேண்டும், போன தடவை போல மறந்துவிடாதே. புது லினோ துண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் டிராயிங் வாத்தியார்