எங்கள் தப்பு மேளங்களுக்குச் சூடு தந்த அடுப்புக்கு நன்றி

அன்புடையீர்,

கடந்த ஞாயிறு மாலை எங்கள் நடன ஆற்றுகை ஒருவாறு நடந்தேறிவிட்டது. மழை நம் மலைகளுக்குச் செய்தது எது, எங்கள் ஆற்றுகை ஏன் இருமுறை தள்ளிப்போனது என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவையே. அவற்றைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நன்றியை மட்டும் ஆறவிடாமல் சொல்லிவிட வேண்டும்.

இலங்கையின் ஊவா மலைப்பகுதியின் பருவச் சுழற்சியைத்தான் நாங்கள் ஆடினோம். வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, முகடு தாண்டி நம் பக்கம் ஈரமற்ற கச்சான் காற்றாக இறங்குகிறது; அந்தக் காற்று பட்ட கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. மார்கழியில் வாடை மழையைக் கொண்டுவருகிறது. கவாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் செடி மறுபடி துளிர்ப்பதை, எரிந்த காமன் உயிர்பெறும் காமன் கூத்தின் அடவுகளைக் கொண்டு காட்ட முயன்றோம். காற்றும் மழையும் முறை தவறி வருவதைக் காட்டத் தாளத்தைப் பிசகவிட்டோம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் மண்ணுக்குள் போனவர்களுக்காக ஓரிடத்தில் தப்பு அடியோடு நின்றுவிடும்.

தப்பு நிற்க வேண்டுமானால் முதலில் அது ஒலிக்க வேண்டும் அல்லவா? பழைய தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு மாடிதான் நாங்கள் ஆடிய அருங்காட்சியகத்தின் கூடம். கொழுந்தின் ஈரத்தை எடுப்பதற்கென்றே கட்டப்பட்ட மாடியில், அன்று சன்னல் வழியே புகுந்த மூடுபனியில் எங்கள் நான்கு தப்புகளின் தோலும் தொய்ந்து, அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. பலகைத் தளம் என்பதால் உள்ளே தீ மூட்ட அனுமதி இல்லை, அது நியாயமும்கூட. வெளியே கொளுத்திய காகிதமோ தூறலில் புகைந்ததோடு சரி.

கீழேயுள்ள லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கடைசிக் காம்பராவில் வசிக்கும் அக்கா ஒருவர் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுப்பு எரியுதுதானே தம்பி, கொண்டாங்க" என்றார். உலையில் பாதி வெந்திருந்த சோற்றுப் பானையைத் துணி பிடித்து இறக்கி ஓரமாக வைத்தார். பரணில் அடுக்கியிருந்த மிலாறில், அதாவது கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி விறகில், ஒரு கட்டு உருவி, முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் செருகினார். வாரக்கணக்கில் வெயில் காணாத மலையில் காய்ந்த மிலாறு என்ன விலை பெறும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தப்பை அனலுக்கு எட்டாமலும் விலகாமலும் ரொட்டி வாட்டுவது போலச் சுற்றிச் சுற்றிப் பிடித்து, விரலால் சுண்டி, காதை அருகே கொண்டுபோய்க் கேட்டார். சத்தம் "டண்" என்று எழும்பும் வரை அவர் ஒன்றையும் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. எங்கள் கலைஞர்களுக்கே அவ்வளவு பொறுமை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆட்டம் தொடங்கிய பிறகும் வேலை முடியவில்லை. மேலே இரண்டு தப்புகள் ஒலிக்க, கீழே இரண்டு சூடேறின. அவருடைய பேரன் அவற்றைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அந்தச் செங்குத்தான படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். ஆட்டம் முடிந்து நாங்கள் கீழே போனபோதுதான் அந்தப் பானை மறுபடி அடுப்பில் ஏறியிருந்தது. எங்களால் அந்த வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு பிந்திவிட்டது. அக்கா ஆட்டத்தில் ஓர் அடிகூடப் பார்க்கவில்லை. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

பாதையில் சரிந்து கிடந்த மண்ணை வெட்டி ஒதுக்கிய இளைஞர்கள், சுற்றுப்பாதையில் எங்களைக் கொண்டுவந்து சேர்த்த வேன் சாரதி, நேரம் கடந்தும் கதவைச் சாத்தாத அருங்காட்சியகப் பணியாளர்கள், பிளேன்டியும் பணிஸும் அனுப்பிய கடைக்காரர், நனைந்த உடையோடு இறுதிவரை அமர்ந்திருந்த பார்வையாளர்கள், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோர் ஆகிய அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

அக்காவுக்கு நாங்கள் ஒரு கட்டு மிலாறு கடன். மாசியில் காமன் கூத்து நடக்கும் நாட்களில் அந்த லயத்து வாசலிலேயே இதே ஆட்டத்தை ஆடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். விறகை நாங்களே சுமந்து வருவோம். தப்பு காய்ச்சும் வேலையை அன்று வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும்.