கடைக்கு மேல் வீடு கட்டினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் தெருக்கோடியில், மாரியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளக்காணி ஒன்று இருந்தது. டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டி அதை நிரப்பி, இரும்புத் தூண் நாட்டி, தகரக் கூரை போட்டுப் பெரிய விற்பனை நிலையம் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். முன்னால் ஐம்பது வாகனங்கள் நிற்கக்கூடிய கொங்கிரீட் முற்றம். போக வழியில்லாத தண்ணீர் கடந்த மாரியில் எங்கள் வளவுக்குள் புகுந்து, வாசலின் இரண்டாம் படி வரை நின்றது. அந்த முற்றமோ பகலில் அரைவாசி வெறுமையாகவே கிடக்கிறது. கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனியும் பருப்பும் நானும் அங்குதான் வாங்குகிறேன். இவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டு மேல்மாடிகூட இல்லாமல் நிற்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 கோடையில் மகளிடம் ரொறன்ரோ போயிருந்தேன். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் அந்த ஜூன் முதலாம் திகதியோடு தன் கடைகளையெல்லாம் மூடியிருந்தது. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனமும் கனடாவிலிருந்த 133 கடைகளையும் மூடிவிட்டுப் போனது. கடன், இணைய வியாபாரம், தேவைக்கு மிஞ்சிக் கட்டிய கடைகள் என்று வட அமெரிக்கா முழுவதும் இதே கதைதான். அங்கே அந்த நிலங்களுக்கு இப்போது வீடுகள் வருகின்றன. ரொறன்ரோவில் மலிவு விலைக்குப் பேர்போன ஒனெஸ்ட் எட்ஸ் என்ற பெரிய கடை 2016 முடிவில் மூடப்பட்டது. அதே இடத்தில் இன்று வாடகைக் குடியிருப்பு மாடிகள் நிற்கின்றன. கலிபோர்னியாவில் வணிக நிலத்தில் வீடு கட்டுவதை எளிதாக்க 2022இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

ஆனால் இதற்குப் பெரும் செலவாகிறது. ஜன்னலில்லாத அகன்ற கட்டடத்தின் நடுவுக்கு வெளிச்சமும் காற்றும் எட்டாது. ஆகவே பெரும்பாலும் இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் இடித்துத் திருத்துவதை நாம் இப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கிறோம்.

இத்தனைக்கும் கடைக்கு மேல் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல. சிறுவயதில் புளியந்தீவில் நாங்கள் புடவை எடுத்த கடையின் மேல்மாடியில்தான் முதலாளியின் குடும்பம் இருந்தது. கீழே அப்பா சேலைக்கு விலை பேசிக்கொண்டிருக்க, மேலே கறி தாளிக்கும் வாசம் படிக்கட்டு வழியே இறங்கிவரும். இரவிலும் அந்தத் தெருவில் வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும்.

இன்று வவுனியாவிலிருந்து இடமாற்றத்தில் வந்த ஒரு தாதி, கைக்குழந்தையோடு எங்கள் படலையில் நின்று வாடகை வீடு விசாரிக்கிறார். ஒரு வருட முற்பணம் கேட்கிறார்களாம். அந்தத் தகரக் கூரையின் இடத்தில் இரண்டு மாடி இருந்திருந்தால் அவரைப் போன்ற எத்தனை குடும்பங்கள் குடியிருக்கலாம்!

மாநகர சபையிடம் நான் கேட்பது இதுதான். குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட கடைக்குக் கட்டட அனுமதி கொடுக்கும்போது, மேலே வீடு கட்டத் தாங்கும் அத்திவாரத்தைக் கட்டாயமாக்குங்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்க முற்றத்தில் இடம் விடச் சொல்லுங்கள். வடிகானைக் கட்டி முடிக்காமல் கடை திறக்க விடாதீர்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த காணியிலும் அளவைக் கட்டைகள் நாட்டியாகிவிட்டது. அதன் வரைபடம் சபைக்கு வருமுன் இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கல்லடி வாசகி ஒருவர்,
மட்டக்களப்பு.