நைட் ஷிஃப்ட் பெரியப்பாவுக்கு, நெஞ்செரிச்சல் விஷயமா ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கல, இல்லன்னு பெரியம்மா போன்லயே சொல்லிட்டாங்க. படுத்து அரை மணி நேரத்துல எந்திரிச்சு உக்காந்துக்குறீங்களாம், தொண்டை வரைக்கும் புளிச்சுக்கிட்டு வருதாம், கேட்டா "கேஸ்தான், ஒரு மாத்திரை போட்டா போயிடும்"னு சொல்றீங்களாம். நேர்ல வந்து சொன்னா "நேத்து பொறந்தவ எனக்கு வைத்தியம் சொல்றா"ன்னு சிரிச்சிட்டு டீ ஃபேக்டரிக்கு கிளம்பிடுவீங்க, அதான் எழுதுறேன். எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன், ஏன்னா நம்ம கோத்தகிரி குன்னூர் பக்கம் ராத்திரி வேல பாக்குற ஃபேக்டரி ஆளுங்க, வாட்ச்மேனுங்க, கேரட் லோடு ஏத்திட்டு கீழ மேட்டுப்பாளையம் போற டிரைவருங்க நிறைய பேருக்கு இதே கதைதான். நான் நிக்கிற மெடிக்கல் கவுண்டர்ல நெஞ்சை தடவிக்கிட்டே வந்து "கேஸுக்கு ஒரு அட்டை குடும்மா"ன்னு கேப்பாங்க.

உங்களுக்கு எல்லாரும் சொல்ற அட்வைஸ் என்ன, ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்க, சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு படுங்க. நீங்களும் "நான் ராத்திரி சாப்பிடுறதே இல்லையே, ரெண்டு வர்க்கியும் டீயும்தான்"னு சொல்லி தப்பிச்சிடுறீங்க. பெரியப்பா, உங்களுக்கு ராத்திரியே காலையிலதான வருது! தேயிலை காய வைக்கிற டிரையர் வேலையெல்லாம் முடிச்சு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, சுடச்சுட பொங்கல், இல்லன்னா பூரி கிழங்குன்னு வயிறு நிறைய சாப்பிட்டு, ஸ்வெட்டரை கூட கழட்டாம கம்பளிக்குள்ள போயிடுறீங்க. பத்து மணிக்கு பிரியாணி தின்னுட்டு பத்தரைக்கு படுக்குறவனுக்கும் உங்களுக்கும் வயித்த பொறுத்தவரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

உணவுக்குழாய் அடியில, இரைப்பை ஆரம்பிக்கிற இடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. சாப்பாடு இறங்க திறந்து உடனே மூடிக்கணும், அது லூசாச்சுன்னா உள்ள இருக்குற அமிலம் மேல ஏறும், வயிறு நிறைஞ்சிருக்கும்போது படுத்தா கேக்கவே வேணாம். எண்ணெய் நெய்யி அதிகமா போனா வயிறு காலியாக லேட்டாகும், அதனாலதான் பொங்கல் நாள்ல உங்களுக்கு இன்னும் மோசம். அதனால பெரிய சாப்பாட்டை எந்திரிச்சப்புறம் மத்தியானத்துக்கு மாத்துங்க, ஷிஃப்டுக்கு நடுவுல ஒரு மணி ரெண்டு மணிக்கு டப்பால கொண்டு போன சாதமோ இட்லியோ சாப்பிடுங்க, காலையில வீட்டுக்கு வந்து பசிச்சா கொஞ்சமா ஒரு கஞ்சி, அதோட நிறுத்திக்கோங்க. பெரியம்மா கோவிச்சுக்குவாங்க, ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்த மனுஷனுக்கு சுடச்சுட போடாம எப்படின்னு. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.

அடுத்தது மாத்திரை. டாக்டர் சீட்டுல 1-0-0ன்னு போட்டிருக்காரு, காலையில ஒண்ணு, வெறும் வயித்துல. அவருக்கு நீங்க நைட் ஷிஃப்ட்னு தெரியாது, நீங்களும் சொல்லல. பேண்டாப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரையெல்லாம் ஜெலுசில் மாதிரி எரியும்போது குடிச்சா அப்பவே அடங்குற சமாச்சாரம் கிடையாது. வயித்துல அமிலத்தை சுரக்குற பம்புங்க இருக்கு, நாம சாப்பிடும்போதுதான் அது நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கும், அந்த நேரத்துல மருந்து ரத்தத்துல இருந்தா அதை அடைச்சிடும். அதுக்காகத்தான் சாப்பாட்டுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடின்னு சொல்றது, முழு பலன் தெரியவே சில நாள் ஆகும். நீங்க பொங்கல் சாப்பிட்டு, படுத்து, எரிய ஆரம்பிச்சப்புறம் போடுறீங்க, அதுவும் கடிச்சு மெல்லுறீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க. மேல இருக்குற கோட்டிங்கே அது வயித்து அமிலத்துல கெடாம குடலுக்கு போகணும்னுதான், கடிச்சா காசு வேஸ்ட். உங்க ஷிஃப்ட் நேரத்தை டாக்டர்கிட்ட சொல்லி, எந்திரிச்சு மத்தியானம் சாப்பிடுறதுக்கு முன்னாடி போட்டுக்கலாமான்னு கேளுங்க. ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க, வருஷக்கணக்குல ஓடுனா உடம்புல வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம், அதையும் பாத்துக்கணும். திடீர்னு நீங்களா நிறுத்துனாலும் கொஞ்ச நாள் அமிலம் முன்ன விட ஜாஸ்தியா சுரக்கும்.

டீ விஷயத்துக்கு வர்றேன், கோவிக்காதீங்க. ஃபேக்டரியில டீத்தூள் தயாரிப்பை பாத்துக்குற டீ மேக்கர்கிட்ட போய் டீ குடிக்காதீங்கன்னு சொல்ல முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா விடியக்காலையில தயாரான தூள்ல ஒவ்வொரு லாட்டுக்கும் கப்பை வரிசையா வெச்சு, பால் சர்க்கரை இல்லாம ஸ்ட்ராங்கா ஊத்தி சர்ருன்னு உறிஞ்சி ருசி பாக்குறீங்கள்ல, அதை மத்தவங்க துப்பிடுவாங்க, நீங்க மட்டும் முழுங்குவீங்க. சின்ன வயசுல பாத்திருக்கேன், "துப்புனா பாவம்"னு சொல்வீங்க. காலி வயித்துல அத்தனை கப்பு. டீ எல்லாருக்கும் எரிச்சல் குடுக்காது, உங்களுக்கு குடுக்குதான்னு ரெண்டு வாரம் துப்பி பாத்தா தெரிஞ்சிடும். அப்புறம் எரிச்சலுக்கு நல்லதுன்னு பாக்கெட்ல வெச்சிருக்கீங்களே புதினா மிட்டாய், அது அந்த வளைய தசையை இன்னும் லூசாக்குற சாமான். ஆப்ப சோடாவை தண்ணியில கலக்கி குடிக்கிறதும் வேணாம், அது பூரா சோடியம், உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு.

நாலு தலகாணி வெச்சு படுக்குறதும் உதவாது, அது இடுப்புகிட்ட மடக்கி வயித்தைத்தான் அமுக்கும். வீட்டு பின்னாடி வெட்டிப் போட்ட சில்வர் ஓக் இருக்குல்ல, அதுல ரெண்டு கட்டை, பதினஞ்சு இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து கட்டில் தலமாட்டு கால் ரெண்டுக்கும் கீழ குடுங்க, கட்டிலே சரிவா நிக்கணும். இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க, அப்போ இரைப்பையில தேங்குற அமிலம் குழாய் வாய்க்கு கீழயே நிக்கும்.

வயிறு உப்புசத்துக்கு நம்ம ஊரும் கொஞ்சம் காரணம்தான். உயரம் ஏற ஏற காத்தழுத்தம் குறையும், மேட்டுப்பாளையத்துல வாங்குன சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வரும்போது உப்பிப் போய் நிக்குதே, கீழ போயிட்டு மேல ஏறி வரும்போது குடல்ல இருக்குற காத்தும் அப்படித்தான் விரியும். ஊட்டியில தண்ணி 93 டிகிரிகிட்டயே கொதிச்சிடும், அதனால பாத்திரத்துல வேக வெச்ச அவரையும் ராஜ்மாவும் அரைவேக்காடா நிக்கும். நல்லா ஊற வெச்சு குக்கர்லயே வைக்கட்டும், அவ்ளோதான்.

இப்போ நான் பயந்து எழுதுற பகுதி. ஃபேக்டரி ரோடு மேட்டுல ஏறும்போது நெஞ்சு இறுக்குது, நின்னு மூச்சு வாங்குனா சரியாயிடுதுன்னு போன மாசம் அப்பாகிட்ட சொன்னீங்களாம். அதுக்கு பேரு கேஸ் இல்ல பெரியப்பா. நடந்தா வந்து நின்னா போற வலி இதய ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், மொதல்ல அதைத்தான் பாக்கணும். ஈசிஜி எடுங்க, அது நார்மல்னு வந்தாலும் இந்த மேடு ஏறுற விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லாம வந்துடாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே இறுக்கி, வேர்த்து, இடது கையோ தாடையோ வலிச்சா ஏப்பம் வருமான்னு காத்திருக்காதீங்க, ஓமத் தண்ணி குடிக்காதீங்க, 108க்கு போன் போடுங்க.

சாப்பாடு முழுங்கும்போது நெஞ்சுல சிக்குனாலோ, மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, வாந்தியில ரத்தம் வந்தாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ கோயம்புத்தூருக்கு கூட்டிட்டு போய் எண்டோஸ்கோப்பி, அதான் வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்த பாக்குறது, எடுத்தே ஆகணும், அதுல பேச்சே கிடையாது. பயப்பட ஒண்ணுமில்ல, தொண்டையில மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சு இடது பக்கமா படுக்க வெச்சு சில நிமிஷத்துல முடிச்சிடுவாங்க, குமட்டும், அவ்ளோதான். காரத்தாலதான் அல்சர்னு காரத்தை நிறுத்துனீங்களே, அல்சருக்கு பெரும்பாலும் ஹெலிகோபேக்டர்னு ஒரு கிருமியோ வலி மாத்திரையோதான் காரணம். பேரி மார்ஷல்னு ஆஸ்திரேலியா டாக்டர் ஒருத்தர் யாரும் நம்பலன்னு 1984ல அந்த கிருமியை கலக்கி தானே குடிச்சாரு, வயித்து அழற்சி வந்துச்சு, 2005ல ராபின் வாரனோட சேர்ந்து நோபல் பரிசும் வந்துச்சு. அந்த கிருமி இருக்கான்னு பாக்குற டெஸ்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கேஸ் மாத்திரையை நிறுத்த சொல்வாங்க, டாக்டர் சொன்னப்புறம் நிறுத்துங்க.

உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக அப்பா இந்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றாரு, ஏற்பாடெல்லாம் பண்ணியாச்சு, லீவு போட முடியாதுன்னு சொல்லாதீங்க. கிளம்பும்போது வீட்டுல இருக்குற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க, பிரஷருக்கு போடுறது, முழங்கால் வலிக்கு நீங்களே வாங்கி போடுற டைக்ளோஃபெனாக், எல்லாம். பிரஷர் மாத்திரையில சிலது அந்த வளையத்தை தளர்த்தும், டைக்ளோஃபெனாக் வயித்தையே புண்ணாக்கும், அதை உங்களுக்கு யாரு வித்தாங்கன்னு நான் கேக்கல, எங்க கடையில இல்லன்னு மட்டும் தெரியும்.

இப்படிக்கு
உங்க தம்பி பொண்ணு