ஞாயிறு கிளினிக்: 2, 3ஆம் ஆண்டு மாணவர்கள் கவனத்திற்கு

வணக்கம். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு நம் மாணவர் கிளினிக். 7:15க்கே வந்துவிடுங்கள், ஸ்டெத்தோடு.

1. பிபி: 5 நிமிடம் உட்காரவைத்த பிறகே பாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில். பேச்சுக் கொடுக்காதீர்கள். பருத்த கைக்குப் பெரிய கஃப் (கையில் சுற்றும் பட்டை); சின்னதைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 1 நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். வந்த அளவை அப்படியே எழுதுங்கள்; 138ஐ 140 ஆக்க வேண்டாம்.
2. சுகர்: ஸ்பிரிட் காய்ந்ததும் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். விரலை அழுத்திப் பிழியாதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம் சீட்டில் கட்டாயம்.
3. லான்செட் (விரலில் குத்தும் ஊசி) வெள்ளை டப்பாவில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில்.
4. டாக்டர் பார்க்கும்முன் மாத்திரை பற்றிப் பேச்சே கூடாது, பாட்டி எவ்வளவு கெஞ்சினாலும்.

வருபவர்கள் வெள்ளி இரவு 8க்குள் பெயர், ஆண்டு, விரும்பும் மேசை (பிபி / சுகர்) பதிவிடவும்.